எம்.சி.பி.: முறிப்பானா, மதகா?

வணக்கம். வயரில் மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணைந்துகொள்ளும் சுவிட்ச்தான் எம்.சி.பி. அதை ‘மின்மதகு’ என்று சொல்லலாம் என முன்பு எழுதியிருந்தேன். ‘சுற்று முறிப்பான்’ என்பதில் எனக்கு ஒரு சின்ன நெருடல். முறிந்த கிளை ஒட்டுமா? பழைய ஃபியூஸ் அப்படி. கம்பி உருகினால் வேறு கம்பி கட்ட வேண்டும். அதற்கு ‘உருகி’ என்ற நல்ல சொல் இருக்கிறது. எம்.சி.பி.யோ விழுந்தாலும் குமிழைத் தூக்கிவிட்டால் மறுபடி நிற்கும்.

‘மின்காப்பான்’ அதைவிடச் சிக்கல். எதைக் காக்கிறது, அடுப்பையா? எங்கள் கும்பகோணம் வீட்டில் அப்படித்தான் நினைத்தோம். சமையலறைக்கு 1 சதுர மி.மீ. பழைய வயர், 10 ஆம்பியர் எம்.சி.பி. அம்மா 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு, பக்கத்திலேயே 1,500 வாட் கெட்டிலையும் போடுவார். 230 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்தால் 15 ஆம்பியருக்கு மேல். சில நிமிஷத்தில் விழுந்துவிடும். வந்த எலக்ட்ரீஷியன் “இது சின்னதுங்க” என்று 25 ஆம்பியர் மாட்டிவிட்டுப் போனார். அப்புறம் விழவே இல்லை. மறு வருஷம் சுவிட்ச் போர்டைக் கழற்றினால், வயரின் சிவப்புத் தோல் கருத்து, தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது.

எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. டெல்டாக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்: வயலின் தேவையை மட்டும் பார்த்துத் திறந்துவிட்டால் வாய்க்கால் உடைத்துக்கொள்ளும். வாய்க்கால் தாங்குவதற்குத் தக்கபடிதான் திறப்பு. அதனால்தான் ‘மின்மதகு’ என்றேன்.

மதகுக்கு ஆள் வேண்டுமே, இது தானாக விழுகிறதே என்று மன்னார்குடி நண்பர் கேட்டது நியாயம். ஆனால் உள்ளே இரண்டு லஸ்கர்கள், அதாவது மதகைத் திறந்து மூடும் ஆட்கள், இருக்கிறார்கள். ஒருவர் நிதானம்: சுமை கூடினால் மெல்லச் சூடேறி வளையும் ஈருலோகத் தகடு. இன்னொருவர் அவசரக்காரர்: ஷார்ட் ஆனால் கண்ணிமைக்கும் முன் இழுத்துவிடும் காந்தச் சுருள். சரி, ‘விழுமதகு’ என்று வைத்துக்கொண்டால் மன்னார்குடி நண்பருக்குச் சம்மதமா? டிரிப் ஆவதை ‘விழுந்துடுச்சு’ என்றுதானே வீட்டில் சொல்கிறோம்.

அடுப்புக்கு இப்போது தனி லைன்: 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்பியர் பிளக், 16 ஆம்பியர் விழுமதகு. பழைய லைனிலும் வயரை மாற்றி, 10 ஆம்பியருக்கே திரும்பிவிட்டோம்.

ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு காப்பு சுவிட்ச் பாக்கி இருக்கிறது. 30 மில்லியாம்பியர் மின்சாரம் கசிந்தாலே விழுவது. ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுகிற ஆளைக் காப்பது. அதை மதகு என்றால் பொருந்தாது. கசிவை வைத்து யாராவது ஒரு சொல் சொல்லுங்களேன்.