புரதம் ஆக்காத ஆர்.என்.ஏ. இரைப்பைப் புற்றுநோயை எவ்வாறு முன்நகர்த்துகிறது?

கேள்வி (முதுநிலை மாணவி, உயிர்வேதியியல்):
வணக்கம். இரைப்பைப் புற்றுக்கட்டிகளில் ஹோட்டேர் என்ற நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ. மிகுந்திருப்பதாகவும், அது மிகுந்தவர்களிடம் நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவுவது அதிகம் என்றும் பல ஆய்வுக் கட்டுரைகள் கூறுகின்றன. 200 நியூக்ளியோடைடுகளுக்கு மேல் நீண்டிருந்தும் புரதம் எதையும் உருவாக்காத மூலக்கூறு நோயை வளர்ப்பது எப்படி? அது காரணமா, கட்டியோடு சேர்ந்து கூடும் வெறும் அடையாளமா?

பதில் 1:
இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. உட்கருவுக்குள் ஹோட்டேர், பி.ஆர்.சி.2 என்ற புரதத் தொகுதியைப் பற்றிக்கொண்டு, குரோமாட்டினில் (டி.என்.ஏ.யும் புரதமும் சேர்ந்த இழை) அடக்கும் குறிகளை இடச்செய்து, பரவலைத் தடுக்கும் மரபணுக்களை வாயடைக்கிறது என்பது 2007இல் அது கண்டறியப்பட்டதிலிருந்து சொல்லப்படும் விளக்கம். உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில், அது மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை (புரத உற்பத்தியைக் குறைக்கும் சிறு ஆர்.என்.ஏ.க்கள்) உறிஞ்சும் பஞ்சாக இயங்குகிறது என்பது மற்றொன்று: மிஆர்-331-3பி என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. வழக்கமாக, செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 என்ற புரதத்தின் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும், ஹோட்டேர் அதைப் பிடித்துக்கொண்டால் ஹெர்-2 பெருகும். டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்தின் இலக்கே ஹெர்-2 என்பதால் இது கவனம் பெற்றது. எச்19 என்ற மற்றொரு நீள் ஆர்.என்.ஏ.யின் வழி வேறு. அதிலிருந்தே வெட்டியெடுக்கப்படும் மிஆர்-675, ரன்எக்ஸ்1 என்ற கட்டியடக்கியைக் குறைக்கிறது. காஸ்5, மெக்3 போன்ற நீள் ஆர்.என்.ஏ.க்களோ கட்டியில் குறைந்து காணப்படுகின்றன. ஆகவே, இவை எல்லாமே நோயைத் தூண்டுபவை என்று எண்ண வேண்டாம்.

பதில் 2:
பஞ்சு விளக்கத்தை இவ்வளவு எளிதாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. பெரும்பாலான நீள் ஆர்.என்.ஏ.க்கள் ஒரு செல்லில் மிகச் சில பிரதிகளே இருக்கின்றன. ஆனால் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. இணையக்கூடிய இடங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பிளாஸ்மிட் (செல்லுக்குள் மரபணுவைச் செலுத்தப் பயன்படும் வட்ட டி.என்.ஏ.) வழியாகச் செயற்கையாகப் பெருக்கிக் காட்டிய விளைவு, இயல்பான அளவிலும் நிகழும் என்பதற்கு அது சான்றாகாது. பி.ஆர்.சி.2 கதையும் ஆடிப்போயிருக்கிறது: அந்தத் தொகுதி இல்லாமலேயே ஹோட்டேர் மரபணுக்களை அடக்குகிறது என்று மார்பகப் புற்றுச் செல்களில் 2017இல் காட்டப்பட்டது. காரணமா, அடையாளமா என்ற தங்கள் கேள்விக்கு விடை, நோயாளிகளின் திசுவை அளப்பதில் கிடைக்காது. இணையும் இடத்தை மட்டும் மாற்றி விளைவு மறைகிறதா என்றும், ஆர்.என்.ஏ.யைக் குறைத்தபின் மீண்டும் சேர்த்தால் விளைவு திரும்புகிறதா என்றும் பார்த்த கட்டுரைகளை முதலில் படியுங்கள்.

மாணவி:
நன்றி. இரத்தத்தில் இவற்றை அளந்து நோயை முன்கூட்டியே அறிய இயலுமா?

பதில் 1:
எச்19 நோயாளிகளின் பிளாஸ்மாவில் உயர்ந்திருப்பது பதிவாகியுள்ளது. ஆனால் அது வேறு பல புற்றுநோய்களிலும் உயர்வதால், அதை மட்டும் வைத்து இரைப்பையைச் சுட்ட முடியாது. அமெரிக்காவில் 2012இல் ஒப்புதல் பெற்ற பி.சி.ஏ.3 என்ற சிறுநீர்ச் சோதனை இவ்வகை ஆர்.என்.ஏ.யை அளப்பதுதான், ஆனால் அது புராஸ்டேட் புற்றுநோய்க்கு உரியது, அங்கும் மறுமுறை பயாப்சி தேவையா என்று முடிவெடுக்கவே உதவுகிறது. இரைப்பையைப் பொறுத்தவரை எண்டோஸ்கோபியும் பயாப்சியுமே நோயை உறுதிசெய்கின்றன.