உங்கள் ஊர்க் கலியாணம்: அப்போதும் இப்போதும் (கிழக்கிலங்கை வாசகர்கள் எழுதுகிறார்கள்)

களுவாஞ்சிக்குடி

அம்மாவுக்குக் கலியாணம் நடந்தது 1979இல். முந்தைய வருசச் சூறாவளியில் விழுந்த தென்னையைப் பிளந்துதான் பந்தலுக்குக் கால் நட்டார்களாம். முதல்நாள் இரவே ஊர்ப் பெண்கள் திருவலையோடு வந்து தேங்காய் துருவ உட்கார்ந்துவிடுவார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் பெரியம்மா சொந்தத் தங்கைக்குத் தாலி ஏறியதைப் பார்க்கவே இல்லை, அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாராம். அதனால் சமையலுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று நான் குறை சொல்ல மாட்டேன்.

போன மாதம் அக்காவின் மகளுக்குக் கலியாணம், மண்டபத்தில். கலியாணத்துக்கு முதலே பாசிக்குடாக் கடற்கரையில் போட்டோ எடுத்து அது எல்லாருடைய போனிலும் சுற்ற, "தாலி ஏறமுதலே தோளில கை போட்டுப் படமா?" என்று அம்மம்மா கேட்டார். கேட்டுவிட்டு அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது வேறு விசயம். தாலி கட்டும்போது கிழவிகள் குரவை போட்டார்கள், வீடியோக்காரத் தம்பி ஓடி வந்து, "சத்தம் சரியா வரல்ல, இன்னொருக்காப் போடுங்க அம்மா" என்றான். போட்டார்கள், முதல் தடவையை விடப் பலமாக.

காரைதீவு

எங்கள் பக்கம் முந்தி சம்பந்தம் பேச வந்தால் முதல் கேள்வி என்ன குடி, அதாவது தாய்வழியில் எந்தக் குலம் என்பதுதான். இப்போது என்ன வேலை, எந்த நாடு என்றுதான் தொடங்குகிறார்கள். குடி போய்விட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். நான் காதல் என்று சொன்னதும் கத்திய அம்மா, அவர் வேறு குடி என்று தெரிந்ததும் பாதி இறங்கிவிட்டார். தாய்வழியில் ஒரே குடி என்றால் அண்ணன் தங்கை முறை, அதை மட்டும் தாங்கியிருக்க மாட்டார்.

அக்கரைப்பற்று

பள்ளிவாசலில் நிக்காஹ், ஹோலில் வலீமா விருந்து என்று எங்களிடமும் எல்லாம் மாறிவிட்டது, பெண்ணுக்கு வீடு கொடுப்பதைத் தவிர. எனக்கு வீடு கட்டவென்றே உம்மா சவூதிக்குப் போய் வீட்டுவேலை செய்தார். மாப்பிள்ளை கைக்கூலி (சீதனக் காசு) வேண்டாம் என்றதும் ஊரே புகழ்ந்தது. வீட்டை வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இப்போது வளவு துண்டாட இடமில்லை, தங்கைக்கு என் தலைக்கு மேலேயே மாடி எழும்புகிறது.

ஆனால் அந்த வழக்கத்தை முழுக்கத் திட்டவும் மனம் வருவதில்லை. வீடு என் பெயரில் இருக்கிறது, சண்டை வந்தால் வெளியே போகவேண்டியது நானில்லை. 2004 சுனாமியில் சாச்சியின் (சின்னம்மாவின்) சீதன வீடு போனது. பதிலுக்குக் கிடைத்த வீட்டைக் குடும்பத் தலைவர் என்று சாச்சாவின் பெயரில் எழுதினார்கள். பல பேருக்கு அப்படித்தான் நடந்தது. சாச்சி இன்றைக்கும் அந்தப் பத்திரத்தைப் பற்றித்தான் பேசுவார்.

களுவாஞ்சிக்குடி

எங்களுக்கும் அதேதான், அக்கரைப்பற்று ராத்தா (அக்கா). மண்டபத்துக்குக் கொடுத்த காசில் இரண்டு அறை கட்டியிருக்கலாம் என்று அத்தான் இன்னும் முணுமுணுக்கிறார். அவருடைய சின்ன மகள் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறாள். பின்வளவில் அவளுக்கு அத்திவாரம் போட்டாயிற்று.