ஆலோசகர் போன பிறகு அந்தப் பிள்ளை யார் பொறுப்பு? உங்கள் அனுபவம்

எட்டாம்வகுப்பு_டீச்சர்

நிதி இல்லை என்று எங்கள் பள்ளி ஆலோசகரை வாரத்துக்கு ஒரு நாள் ஆக்கிவிட்டார்கள். மிச்ச நாளுக்குக் 'கூட்டு ஏற்பாடு'. பள்ளி, மனநலத் துறை, குழந்தைகள் நலத் துறை, ஒரு தொண்டு நிறுவனம். இப்படி ஒன்று எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்பா இறந்ததிலிருந்து பேச்சே குறைந்துபோன ஒரு பையன். மூன்று வாரத்தில் நான்கு பேரிடம் அனுப்பினோம். நாலாவதாக வந்தவர் நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். பையன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "மிஸ், இவங்ககிட்டயும் மொதல்லேர்ந்து சொல்லணுமா?"

"கொஞ்சம் சொல்லிடுப்பா" என்றேன். அந்தக் 'கொஞ்சம்' இன்னும் உறுத்துகிறது. அவன் அவர் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றான். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கோப்பு மூடப்பட்டது.

நாலாவது_நாற்காலி

டீச்சர், அந்த நோட்டுக்காரர் நான் இல்லை. ஆனால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் இருந்து ஏன் கேட்கிறோம்? முன்னால் பேசியவரின் குறிப்பு எங்களுக்கு வருவதே இல்லை. பெற்றோர் பள்ளிக்குக் கொடுத்த கையெழுத்து பள்ளியோடு நின்றுவிடும், எங்களுக்குத் தனியாக வாங்கவேண்டும். ரகசியம் காப்பதும் அந்தப் பிள்ளைக்காகத்தான், அதைக் குறை சொல்லாதீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் திட்டத்துக்குப் பணம் நின்றுவிட்டது என்று திங்களன்றே தெரியும். கடிதம் வரும்வரை வெளியே சொல்லக்கூடாது என்றார்கள். வியாழனன்று ஒரு பெண், வாசல்வரை போனவள், திரும்பி வந்து, "அடுத்த வாரம் ஒரு விஷயம் சொல்லுவேன், இன்னிக்கு வேணாம்" என்றாள். நான் "சரிம்மா" என்றேன். அடுத்த வாரம் நான் அங்கே இல்லை.

பழைய_ஒருங்கிணைப்பாளர்

இரண்டு பேரும் தனிமனிதர் தப்பாகவே பார்க்கிறீர்கள். என் காலத்தில் ஒரு பரிந்துரைப் படிவம் 19 நாள் தட்டில் கிடந்தது. நாங்கள் கூப்பிட்டிருப்போம் என்று அவர்கள், அவர்கள் கூப்பிட்டிருப்பார்கள் என்று நாங்கள். என் கதை அவ்வளவுதான்.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர். 'குழு பொறுப்பு' என்று எழுதினால் யாருக்கும் பொறுப்பில்லை என்று அர்த்தம். ஒப்புதல் படிவத்தை முதல் நாளே எல்லாத் துறை பெயரும் போட்டு, எதைப் பகிரலாம், எதுவரை என்று எழுதி வாங்குங்கள். முழுக் கதையை யாரும் அனுப்ப வேண்டாம். ஆபத்து உண்டா, எது உதவியது, எதை மறுபடி கேட்கக்கூடாது, அரைப் பக்கம் போதும். உயிருக்கு ஆபத்து என்றால் கையெழுத்துக்காகக் காத்திருக்காதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கைமாற்றும்போது பழையவரும் புதியவரும் பிள்ளையோடு ஒரே அறையில் பத்து நிமிஷமாவது உட்காருங்கள். தொலைபேசி எண் எழுதிக் கொடுத்துவிட்டால் கைமாற்றிவிட்டதாக நினைக்காதீர்கள்.

அப்புறம், எண்ணிக்கை. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஒரு ஆலோசகர் என்கிறது. அதில் பாதி கூட இல்லாத இடத்தில் நாலு துறை கைகோத்தால் நாலு துறையிலும் ஆள் குறைவு என்பதுதான் தெரியவரும். வெட்டு வரும்போது என்ன போகிறது என்றும் பாருங்கள். எல்லாருக்குமான வகுப்பு தொடரும், நெருக்கடிக்கு ஓடுவதும் தொடரும். நடுவில் ஐந்தாறு பேராக உட்காரவைத்துப் பேசும் சின்னக் குழுக்கள்தான் சத்தமில்லாமல் காணாமல் போகும். நெருக்கடி வராமல் தடுத்ததே அவைதான்.

எட்டாம்வகுப்பு_டீச்சர்

ஐயா, நான் யோசனை கேட்கவில்லை. அரைப் பக்கக் குறிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'எதை மறுபடி கேட்கக்கூடாது' என்ற வரி அன்றைக்கு என் கையில் இருந்திருக்கலாம்.

இரண்டு_பிள்ளை_அம்மா

நீங்கள் எல்லாரும் மேஜைக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். மகளுக்காக மூன்று இடத்தில் பெயர் கொடுத்தேன். ஒவ்வொரு இடமும் மற்ற இடத்தில் பார்க்கிறார்களா என்று கேட்டது. ஆமாம் என்றால் 'அப்போ அங்கேயே பாருங்க'. இல்லை என்றால் 'மொதல்ல அங்க போயிட்டு வாங்க'.

ஐந்து மாதம் கழித்து ஒரு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதற்குள் அவளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டிருந்தோம், ஓரளவு தேறியும் இருந்தாள். "இன்னும் தேவைப்படுதாம்மா? இல்லன்னா வரிசையிலேர்ந்து பேரை எடுத்துடறோம்" என்றார் அந்தப் பெண். குரலே களைத்துப்போயிருந்தது, பாவம், அவர் மேல் கோபம்கூட வரவில்லை.

எடுக்க வேண்டாம் என்றேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.