மறு: ‘எழுத்துரு மாற்றி’ என்றே வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம்.

> பழைய தமிழ்க் கோப்புகளை ஒருங்குறிக்குக் (யூனிகோடுக்கு) கொண்டுவரும் நிரலை எல்லோரும் ‘எழுத்துரு மாற்றி’ என்றுதான் சொல்கிறோம். அதுவே இருக்கட்டுமே?

வேண்டாம் என்பேன். எழுத்துருவை மாற்றினால் தோற்றம்தான் மாறும், கோப்புக்குள் எழுத்துகளுக்குப் பதிலாக இருக்கும் எண்கள் அப்படியே கிடக்கும். இந்த நிரலில் எழுத்து அதேதான், எண்கள்தான் மாறுகின்றன. டிஸ்கி என்ற பழைய முறையில் ‘த’ 190, ஒருங்குறியில் 2980. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு டிஸ்கியில் 4 பைட் போதும், ஒருங்குறி எண்களைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் 15 வேண்டும். எழுத்துருவுக்கு இங்கே வேலையே இல்லை.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தார்கள். அங்கே எழுத்துருவின் பெயரே முறையின் பெயராகவும் ஆகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

> அப்படியானால் ‘குறியாக்க மாற்றி’?

கடவுச்சொல் போட்டுப் பூட்டுவதையும் பலர் குறியாக்கம் என்றே எழுதுகிறார்கள். ‘மறைகுறியாக்கம்’ என்று முழுதாக எழுதப் பொறுமை இருப்பதில்லை. ‘கோப்பைக் குறியாக்கம் செய்யவா?’ என்று நிரல் கேட்டால் பயனர் பயந்துவிடுவார்.

என் வாக்கு ‘குறியேற்ற’த்துக்கு. குறியேற்றம் ஏற்கெனவே புழங்குகிற சொல். பதிவேற்றத்துக்குப் பதிவிறக்கம் போல இதற்குக் குறியிறக்கம் என்ற இணையும் தானாகக் கிடைக்கிறது. எழுத்தை எண்களாக்கினால் குறியேற்றம், எண்களிலிருந்து எழுத்தை மீட்டால் குறியிறக்கம். நிரல் எழுதும்போது இந்த இரண்டும் தனித்தனியாகத் தேவைப்படும். ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்கி கண்ணில் படும் வரிசையிலேயே சேமிக்கும்: முதலில் கொம்பு, அப்புறம் ‘க’, அப்புறம் கால். ஒருங்குறியில் ‘க’ முன்னால் வரும், ஒகரக் குறி ஒன்றாகப் பின்னால் வரும். ஆகவே வெறும் அட்டவணை பார்த்து எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. கொம்பைக் கண்டதும் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த மெய்யைப் படித்து, அதன் பின் கால் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தத் தலைவலி முழுவதும் குறியிறக்கத்தில்தான். ஒருங்குறி எண்கள் கைக்கு வந்தபின் அவற்றை யு.டி.எஃப்-8ஆகக் குறியேற்றுவது சில வரி வேலை.

எனவே நிரலுக்குக் ‘குறியேற்ற மாற்றி’, உள்ளே இரண்டு செயற்கூறுகளுக்குக் ‘குறியிறக்கு’, ‘குறியேற்று’. கொஞ்சம் நீளம்தான். ‘குறிமாற்றி’ என்று சுருக்கலாம், ஆனால் எந்தக் குறி என்று அடுத்த இழையில் கேள்வி வரும்!

கோப்பு எந்தக் குறியேற்றத்தில் இருக்கிறது என்று நிரலே ஊகிக்கும் வசதிக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. ‘குறியேற்றக் கண்டறிவு’ பொத்தானில் அடங்காது. சின்னதாக ஒன்று யாராவது சொல்லுங்கள்.