ஊதாக் கம்பு ஏன் பச்சையாகவே நிற்கிறது?

கேள்வி – கோவைவாசி
வணக்கம். அழகுக்காக வளர்க்கப்படும் 'பர்ப்பிள் மெஜஸ்டி' என்னும் ஊதாக் கம்பின் விதைகளை ஐப்பசித் தொடக்கத்தில் குழித்தட்டில் (நாற்று வளர்க்கும் சிறு குழிகள் கொண்ட தட்டு) ஊன்றினேன். ஐந்தாம் நாளே முளைத்தன. ஐந்து வாரம் கழித்து, காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவரோரத்தில் நட்டேன். முழங்கால் உயரம்கூட எட்டாமல், விரல் நீளக் கதிரைத் தள்ளிவிட்டன. நடு நரம்பில் சற்றே ஊதா ஓடியிருக்கிறது, அவ்வளவுதான், இலையெல்லாம் பச்சை. விதை போலியா, வளர்ப்பில் பிழையா?

மறுமொழி – மொட்டைமாடி
விதையைக் குறை சொல்லுமுன் வெயிலைப் பாருங்கள். இந்த ரகம் முளைக்கும்போது பச்சையாகத்தான் இருக்கும். நாள் முழுதும் நேரடி வெயில் பட்டால்தான் ஊதா ஏறும். எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்த இரண்டு தூர்கள் பச்சையாகவே நிற்க, அதே பையிலிருந்து விதைத்துத் திறந்த மூலையில் வைத்தவை கத்தரிக்காய் நிறத்துக்குக் கறுத்துவிட்டன. அவற்றிலும் ஓர் இலையின்மேல் மற்றோர் இலை படிந்திருந்த இடம் மட்டும் பச்சைப் பட்டையாகத் தெரிந்தது.

மறுமொழி – மானாவாரி
நிறத்துக்கு வெயில் காரணம் என்பது சரி. உயரம் குறைந்ததற்குக் காரணம் வேறு. குழித்தட்டில் ஐந்து வாரம் மிக அதிகம். வேர் சுற்றிக்கொண்ட நாற்று நெருக்கடியில் முன்னதாகவே கதிர் தள்ளும். பிறகு நிலத்தில் நட்டாலும் நிமிராது. இருபது நாளுக்குள் நட்டுவிட வேண்டும். தவிர, கம்பு, பகல் குறுகினால் விரைவில் பூக்கும் குறும்பகல் பயிர் என்பதால், பகல் குறுகும் ஐப்பசி, கார்த்திகையில் தாள் வளருமுன்பே பூப்புக்கு வந்துவிடும். இந்த ரகம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உருவாகி, 2003-இல், புதிய தோட்டச் செடி ரகங்களைச் சோதித்துப் பரிசளிக்கும் 'ஆல்-அமெரிக்கா செலக்சன்ஸ்' அமைப்பின் தங்கப் பதக்கம் பெற்றது. அங்கே கோடைப் பகல் ஏறத்தாழ 15 மணி நேரம். கோவையில் ஆனி மாதத்திலும் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. ஆகவே, விதைப்பையில் அச்சிட்ட 4, 5 அடி உயரத்தை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். மாசியில் விதைத்துப் பாருங்கள்.

கோவைவாசி
ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். குழியின் கூம்பு வடிவம் மாறாமல் வேர் வெள்ளைக் கயிறுபோல் சுற்றியிருக்கிறது. இந்தக் கதிர்களிலேயே விதை எடுத்து மாசியில் விதைக்கலாமா?

மொட்டைமாடி
வேண்டாம். இது வீரிய ஒட்டு ரகம். அதோடு, கம்பில் பூவின் பெண் பகுதியான சூல்முடி முதலில் வெளிவந்து, மகரந்தம் சில நாள் கழித்தே உதிர்வதால், பக்கத்தில் சாதாரணக் கம்பு இருந்தால் அதனோடு எளிதில் கலந்துவிடும். அடுத்த தலைமுறை பலவிதமாக வரும். புது விதை வாங்குவதே நல்லது. கதிர் பால் பிடித்ததும் கிளிகள் எப்படியும் வந்துவிடும். நாங்கள் அவற்றுக்கே விட்டுவிட்டோம்.