மொலாசஸ் (சர்க்கரை ஆலையில மிஞ்சற பாகு) டிஸ்டிலரிக்கு எந்த ஈஸ்ட்? வாங்கினதா, நொதிகலன்ல பிடிச்சதா?

பவானிக்கரை: பிரேசில்ல பிஇ-2, கேட்-1ங்கற ஈஸ்ட் ரகமெல்லாம் ஆலை நொதிகலன்லயே பிடிச்சதுங்க. பேக்கரி ஈஸ்ட்டைப் போட்டா சில வாரத்துல காட்டு ஈஸ்ட் அதை அடிச்சுத் தள்ளிரும். பிஇ-2 வழியில வந்த ஒருமய (ஒரே தொகுதி குரோமோசோம் இருக்கற) ரகத்தோட மரபுத்தொகுதி 2009ல வெளியாச்சு. குரோமோசோம் நடுப்பகுதி லேப் ரகம் மாதிரியேதான், வித்தியாசமெல்லாம் ஓரத்துல. அந்த எரிபொருள் ரகங்கள்ல எஸ்என்ஓ2, எஸ்என்இசட்2 ஜீன்கள் கூடுதல் பிரதியா இருக்கு. பி6 வைட்டமினைத் தானே செஞ்சுக்கும், அதிகச் சர்க்கரையிலயும் வளரும். ஈரோடு, நாமக்கல் பக்கமும் சீசன் கடைசில நிலைச்ச ஈஸ்ட்டைப் பிரிச்சு ஓட்டுனா என்னங்க?

உடுமலை_லேப்: நிலைச்சதெல்லாம் நல்ல ஈஸ்ட் ஆயிராதுங்க. அங்க 90 சதவீதத்துக்கு மேல செல்லை சென்ட்ரிஃபியூஜ்ல பிரிச்சு, பிஎச் 2–2.5 கந்தக அமிலத்துல கழுவி, சீசன் பூராவும் திருப்பி விடறாங்க. நம்ம சி மொலாசஸ்ல (சர்க்கரையைக் கடைசி வரை எடுத்த பாகு) கால்சியமும் சேறும் ஜாஸ்தி. செல்லோட சேறும் சேந்து வந்து நாசில் அடைக்கும். அமிலம் பட்டதும் ஜிப்சம் படியும். திருப்பி விடாத ஆலையில நீங்க பிடிக்கிறது போன பேட்ச் குழாய்ல ஒட்டிக் கெடந்ததாத்தான் இருக்கும். ஒட்டறது எஃப்எல்ஓங்கற ஒட்டு ஜீன்களோட வேலை. நுரையும் திரிப்பும்தான் (செல்லெல்லாம் கட்டியாச் சேர்றது) மிஞ்சும்.

பவானிக்கரை: அதுக்குத்தானுங்களே சலிக்கிறது! லைசின் மட்டுமே நைட்ரஜனா இருக்கற அகார்ல வளந்தா அது சாக்கரோமைசிஸ் (நமக்கு வேண்டிய ஈஸ்ட் இனம்) இல்ல, தூக்கிப் போட்டர்லாம். மிச்சத்துக்கு டெல்டா 12, டெல்டா 21 பிரைமர்ல பிசிஆர், ரகத்தோட டிஎன்ஏ கைரேகை மாதிரி. பேண்ட் அமைப்பு வாங்கின ரகத்தோட ஒத்துப்போனா பழைய ஆளுதான் திரும்பி வந்திருக்கான். திரியுதான்னு பாக்க ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடிச்சுக்கற ரசாயனம்) விடோணும். கலைஞ்சிட்டா கால்சியம் பிடிச்ச எஃப்எல்ஓ திரிப்பு. கலையலைன்னா தாய்செல்லை விட்டுப் பிரியாத கொத்து, அது வேற கதை.

கொடுமுடி_ஷிப்ட்: ரெண்டு பேரும் பெட்டிட்டை (மூச்சு விடற திறன் போன ஈஸ்ட்) உட்டுட்டீங்களே. 36 டிகிரிக்கு மேல சூடும் ஆல்கஹாலும் சேந்தா மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ போயிரும். அந்தச் செல் நொதிக்கும், ஆனா விதைத்தொட்டில (ஈஸ்ட்டைப் பெருக்கற தொட்டி) காத்து ஊதினாலும் சரியாப் பெருகாது. தட்டு மேல டெட்ராசோலியம் சாயம் கலந்த அகாரை மெல்லிசா ஊத்துனா நல்ல கூட்டமெல்லாம் செவக்கும், பெட்டிட் வெள்ளையாவே நிக்கும். வெள்ளை கூடுனா அந்த விதையை ஏத்தாதீங்க, முதல்ல கூலரைப் பாருங்க.

உடுமலை_லேப்: சரிங்ணா. ஆனா மகசூல்? குளுக்கோஸ் 1 கிராமுக்கு உச்சம் 0.511 கிராம் எத்தனால், கூடவே 0.489 கிராம் கார்பன் டை ஆக்சைடு. ஃபிளாஸ்க்கோட எடை குறையறதை வெச்சே கணக்குப் போட்டர்லாம். கிளிசரால்ல போற சர்க்கரையைத் தடுக்க, கிளிசரால் செய்யற ஜிபிடி1 ஜீனை வெட்டச் சொல்றவங்க இருக்காங்க. வெட்டுனா சர்க்கரை அடர்ந்த வாஷ்ல (நொதிக்க வெச்ச பாகுக் கரைசல்) செல் திணறும். இதையெல்லாம் ரகத்துக்கு ரகம் பாக்க ஆளும் லேப்பும் வேணும். சின்ன ஆலைக்கு உலர் ஈஸ்ட்தான் கட்டுபடியாகும்.

பவானிக்கரை: பி ஹெவிக்கு (சர்க்கரை இன்னும் மிஞ்சி இருக்கற பாகு) மாறுன ஆலையில சேறு கம்மி, அங்க சென்ட்ரிஃபியூஜ் ஓடும். நான் சொல்றது அவங்களுக்குத்தான்.

உடுமலை_லேப்: அப்பிடின்னா ஒரு நிபந்தனை. பிடிச்ச ரகத்தை அகார் சாய்வுல மாத்தி மாத்தி வளக்காதீங்க. இருமய ஈஸ்ட்டுல (ரெண்டு தொகுதி குரோமோசோம் இருக்கறது) பல ஜீன்ல ரெண்டு பிரதியும் வேறவேறயா இருக்கும், வளக்க வளக்க ஒண்ணு அழிஞ்சு குணம் மாறிரும். 20 சதவீதக் கிளிசரால்ல மைனஸ் 80ல முதல் நாளே போட்டு, ஒவ்வொரு சீசனுக்கும் அதுல இருந்தே எடுங்க.