கார் பெயின்ட்டை வீட்டில் கழுவுவது, பாலிஷ் போடுவது, வாக்ஸ் பூசுவது: அனுபவப் பகிர்வு

கோவை, கறுப்பு செடான்

பாலிஷைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கார் தினமும் எப்படித் துடைக்கப்படுகிறது என்று பாருங்கள். நல்ல வெயிலில் நிறுத்தி, பானெட்டில் சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றிப் பார்த்தால் சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். உண்மையில் அவை வட்டமில்லை. எல்லாத் திசையிலும் ஓடும் கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் பளிச்சிடுகின்றன, அவ்வளவுதான்.

இவற்றில் பெரும்பாலானவை ரோட்டில் விழுந்தவை அல்ல, துடைக்கும்போது விழுந்தவை. அபார்ட்மென்ட்டில் ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணியோடு வரிசையாகப் பத்து காரைத் துடைப்பது. காய்ந்த தூசியை நூல் பிரஷ்ஷால் தட்டுவது. பனியன் வேஸ்ட்டால் அழுத்தித் தேய்ப்பது. பனியன் வேஸ்ட் மெத்தென்று இருந்தாலும் அதிலுள்ள தையல் விளிம்பு கறுப்பு பெயின்ட்டில் கோடு போட்டுவிடும்.

கழுவும் முறை: வண்டி நிழலில் நிற்க வேண்டும், பானெட் கைக்குச் சூடாக இருக்கக் கூடாது. வீல்களை முதலில், தனித் துணியால் முடித்துவிடுங்கள். பிரேக் தூளில் இரும்புத் துகள் இருக்கும். அந்தத் துணி பாடியைத் தொடவே கூடாது. பிறகு தொடாமல் வெறும் தண்ணீரால் மேலிருந்து கீழே முழுக்க அடித்து மண்ணை இறக்குங்கள். ஓஸ் இல்லாதவர்கள் மக்கில் மொண்டு ஊற்றலாம், பூவாளி இன்னும் நல்லது. அடுத்து இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு பேனல் கழுவி, வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து, மறுபடியும் ஷாம்புக்குப் போங்கள். கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி என்று இறங்கி, கதவின் அடிப்பாகத்தையும் பின் பம்பரையும் கடைசியில் தொடுங்கள். மண் அதிகம் ஒட்டுவது அங்கேதான். கையை வட்டமாகச் சுற்றாமல் நேர்கோட்டில் இழுங்கள்.

பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தது, போன மாதம் போட்ட வாக்ஸையும் சேர்த்தே எடுக்கும்.

சென்னை, வேளச்சேரி, வெள்ளை ஹேட்ச்பேக்

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே போர் தண்ணீர் கடுமையான உப்பு. சொட்டு காய்ந்த இடத்தில் கால்சியம், மெக்னீசிய உப்பு வெள்ளை வட்டமாக உட்கார்ந்துவிடும். அதனால் கழுவி முடித்ததும் தானாகக் காயட்டும் என்று விடவே கூடாது. பெரிய மைக்ரோஃபைபர் டவலை பானெட் மேல் விரித்து, இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்தால் தண்ணீர் முழுவதும் ஏறிவிடும், தேய்க்க வேண்டாம். கண்ணாடி, கதவுப் பிடி, நம்பர் பிளேட் இடுக்குகளிலிருந்து பிறகு வழியும் தண்ணீரையும் ஒற்றி எடுங்கள்.

ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் கழிவுத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கார் கழுவுகிறவர்கள் உண்டு. வடிகட்டி நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் போகிறது, போர் தண்ணீரைவிடக் கறை கூடும். அதற்குப் பதில் ஸ்பிளிட் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துத் துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு. கழுவுவதற்குக் கடின நீர், கடைசியாக ஊற்ற ஒரு வாளி ஏசி தண்ணீர் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

ஏற்கெனவே விழுந்த உப்புக் கறைக்கு வெள்ளை வினிகரும் சுத்தமான தண்ணீரும் சம பங்கு கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு நிமிடம் வையுங்கள். காயவிடாமல் நிறைய தண்ணீர் ஊற்றி, ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். அந்த இடத்தில் வாக்ஸ் போயிருக்கும், மறுபடி பூச வேண்டும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கூரைக் கான்கிரீட் வழியாகக் கசிந்து சொட்டும் சுண்ணாம்புக் கறைக்கும் இதே மருந்துதான். ஒரே தடவையில் போகாது, சிறு சிறு தடவையாகச் செய்யுங்கள். நகத்தால் சுரண்டினால் கறையோடு க்ளியர் கோட்டும் (நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு) கீறும். கறை போன பிறகும் பள்ளம் போல வட்டம் தெரிந்தால் அது பெயின்ட்டை அரித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு வினிகர் உதவாது, பாலிஷ்தான்.

மதுரை

ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் பானெட்டை எப்படிச் சுத்தம் செய்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விபூதி சாம்பல், அதைக் காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டது மாதிரிதான். முதலில் தண்ணீர் ஊற்றி ஓடவிட வேண்டும். காய்ந்த சந்தனத்தின் மேல் ஈரத் துணியைப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டால் தானே இளகி வந்துவிடும். குங்குமம் வெள்ளைக் காரில் சாயம் விடும், அன்றைக்கே கழுவுவது நல்லது. மஞ்சள் கறை மட்டும் கழுவிய பிறகும் லேசாகத் தங்கும். அதைத் தேய்க்காதீர்கள், சில நாள் வெயிலில் நின்றாலே மஞ்சளின் நிறம் வெளுத்துவிடும். பொட்டு வைக்கும் இடத்தில் முந்தின நாளே வாக்ஸ் பூசியிருந்தால் எல்லாமே சுலபம்.

பறவை எச்சத்துக்கும் ஊறவைப்பதுதான் வழி. அதிலுள்ள அமிலம் ஒரு பக்கம் அரிக்கிறது. இன்னொரு பக்கம் வெயிலில் க்ளியர் கோட் இளகியிருக்கும்போது மேலே காய்ந்து சுருங்கும் எச்சம் அதை இழுத்துப் பிடிக்கிறது. ஒரு முழு வெயில் நாள் விட்டுவிட்டாலே அச்சு விழலாம். டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் வைத்திருங்கள். ஈர டிஷ்யூவை ஐந்து நிமிடம் ஒட்டி வைத்து, தேய்க்காமல் அள்ளி எடுங்கள்.

மாமரம் பூக்கும் காலத்தில் அதன் கீழே நிறுத்தினால் கார் முழுக்கப் பிசுபிசுவென்று புள்ளி விழும். அது மரத்துப் பால் அல்ல, தத்துப்பூச்சி வடிக்கும் இனிப்பு நீர். வெதுவெதுப்பான தண்ணீரும் ஷாம்பும் போதும். மேலே தூசி படிந்து கருத்துப்போவதற்குள் கழுவிவிடுங்கள்.

திருச்சி, சொந்தமாக டிஏ (டூயல் ஆக்ஷன்) பாலிஷ் மெஷின் வைத்திருப்பவன்

இனி பாலிஷ். முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபேக்டரி பெயின்ட் மொத்தமே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலே இருக்கும் க்ளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான்தான். பளபளப்பும் வெயிலிலிருந்து நிறத்துக்குப் பாதுகாப்பும் அதில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு பாலிஷும் அதைக் கொஞ்சம் சீவுகிறது, போனது திரும்ப வராது. எனவே தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று காம்பவுண்ட் (கூடுதலாகச் சீவும் பாலிஷ்) போடுவது காரைக் கெடுக்கும் வேலை. வாக்ஸ் எத்தனை தடவை வேண்டுமானாலும் பூசலாம், அதில் பெயின்ட்டைச் சீவும் தூள் கிடையாது. கடையில் ‘பாலிஷ் வாக்ஸ்’ என்று ஒரே டப்பாவில் வருவதில் இரண்டும் கலந்திருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

கழுவிய காரில் கையை மெல்லிய பாலிதீன் கவருக்குள் விட்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பும் தெரியும். சொரசொரப்பு இருந்தால் பாலிஷுக்கு முன் க்ளே பார் (ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி). நூறு கிராம் கட்டியை இரண்டாக வெட்டி, பாதியை மட்டும் உள்ளங்கையில் தட்டையாக்குங்கள். அதற்கான ஸ்பிரேயையோ ஷாம்புத் தண்ணீரையோ தாராளமாக அடித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள். முதலில் பிடித்துப் பிடித்துப் போகும், சுத்தமானதும் வழுக்கும். அழுக்கேறிய பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்துகொண்டே இருங்கள். கீழே விழுந்த க்ளேயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஒட்டிய மணலைப் பொறுக்கி எடுக்க முடியாது. செராமிக் கோட்டிங் போட்ட காரில் க்ளேயும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம்.

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் அது பாலிஷில் முழுதாகப் போகாது. விளிம்பை மழுக்கிக் கண்ணுக்கு மறைவாக்கலாம், அத்தோடு நிறுத்திக்கொள்வது புத்தி.

முதல் தடவை செய்கிறவர்கள் ரோட்டரி மெஷினைத் தொடாதீர்கள். அது ஒரே அச்சில் சுற்றி ஒரே இடத்தில் சூடேற்றும். பேனல் விளிம்பில் பெயின்ட் மெல்லிசு, அங்கே நொடிகளில் எரிந்துவிடும். டிஏ மெஷின் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்வதால் சூடு பரவும், அழுத்தினால் சுழற்சி தானாக நின்றுவிடும். மடிப்பு, விளிம்பு, கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஐந்து அங்குல ஃபோம் பேடில் பட்டாணி அளவு நான்கைந்து சொட்டு. இரண்டடிக்கு இரண்டடி சதுரம் மட்டும். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு 4 அல்லது 5ஆம் நிலையில் நொடிக்கு ஓர் அங்குலம் நகர்த்துங்கள். நெடுக்கு ஒரு தடவை, குறுக்கு ஒரு தடவை, இப்படி மொத்தம் நான்கு முதல் ஆறு தடவை. மெஷினின் எடையோடு கொஞ்சம் கை பாரம் போதும். ஒரு பேனல் முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். அரைத்தெடுத்த பெயின்ட் தூள் அதில் அடைந்தால் பேடே கீற ஆரம்பிக்கும்.

எந்தக் காரிலும் முதலில் ஓரமான ஒரு சதுரத்தில் லேசான பாலிஷையும் மெத்தென்ற பேடையும் வைத்துப் பாருங்கள். அதிலேயே கோடு போனால் காம்பவுண்ட் பக்கமே போக வேண்டாம். பார்ப்பதற்கு முன் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 10 முதல் 15 சதவீதம் கலந்து துடைத்துவிடுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும். துடைக்காமல் பார்த்தால் சுத்தமாகத் தெரியும், இரண்டு வாஷ் போனதும் கோடுகள் திரும்ப வந்துவிடும்.

சேலம், பழைய அம்பாசடர்

மேலே சொன்னதெல்லாம் க்ளியர் கோட் உள்ள காருக்கு. பழைய அம்பாசடர், பத்மினி மாதிரி ஒரே அடுக்கு பெயின்ட்டில் பாலிஷ் போட்டால் துணியில் காரின் நிறம் வரும், அது இயல்பு. வெளுத்த மேல்தோல் போய் அசல் நிறம் எழும். ஆனால் புதுக் காரில் துணியில் நிறம் வந்தால் உடனே நிறுத்துங்கள். க்ளியர் கோட் தீர்ந்துவிட்டது, அந்தப் பேனல் பெயின்டரிடம்தான் போக வேண்டும்.

தூத்துக்குடி

வாக்ஸுக்கு வருவோம். கார்னாபா என்பது பிரேசிலில் வளரும் ஒரு பனைவகை மர இலையின் மெழுகு. உருகுநிலை 80 டிகிரிக்குச் சற்று மேல். நம் ஊர் மே மாத வெயிலில் கறுப்பு பானெட் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. அதனால் டப்பாவில் மூன்று மாதம் என்று போட்டிருந்தாலும் வெயிலில் நிற்கும் காருக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாக்ஸுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட் இதைவிட நெடுநாள் நிற்கும், நான்கைந்து மாதம் வரும். கடலோரத்தில் உப்புக் காற்றுக்கு நடுவே நிற்கும் காருக்கு என் ஓட்டு சீலன்ட்டுக்குத்தான்.

பூசும்போது எல்லோரும் செய்யும் தவறு தடிமனாகப் பூசுவது. பெயின்ட்டோடு ஒட்டும் மெல்லிய படலம்தான் வேலை செய்யும், மிச்சமெல்லாம் துடைக்கும்போது துணிக்குத்தான் போகும், கையும் வலிக்கும். நனைத்துப் பிழிந்த ஃபோம் பேடில் கொஞ்சமாக எடுத்து, ஓரிரு பேனல் பூசி, மூடுபனி படிந்த மாதிரி ஆனதும் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு பளிச்சென்று வந்தால் துடைக்கலாம், பிசுக்காக இழுத்தால் இன்னும் கொஞ்ச நேரம். மடித்த மைக்ரோஃபைபரில் ஒரு பக்கத்தால் எடுத்து, மறுபக்கத்தால் மெருகேற்றுங்கள். வெயிலில் பூசினால் இறுகிக் காய்ந்து வரவே வராது. அப்படி ஆன இடத்தில் அதே வாக்ஸை இன்னொரு தடவை மெல்லிசாகத் தடவினால் பழையது இளகும், உடனே துடைத்துவிடலாம்.

கோவை, கறுப்பு செடான்

தூத்துக்குடி நண்பரோடு ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். மாதக் கணக்கு வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள். தெளித்த தண்ணீர் உருண்டு மணியாக நிற்கும்வரை வாக்ஸ் இருக்கிறது. விரிந்து தட்டையாகப் படர்ந்தால் பூசும் நேரம். கூரையும் பானெட்டும் கதவுகளுக்கு முன்பே தீர்ந்துவிடும், அவற்றை மட்டும் நடுவில் ஒரு தடவை பூசினால் போதும்.

இடித்து, புதிதாகப் பெயின்ட் அடித்த பேனலுக்கு உடனே வாக்ஸ் வேண்டாம். பெயின்ட்டிலுள்ள கரைப்பான் ஆவியாக வெளியேற வேண்டும். ஒன்று முதல் மூன்று மாதம், பெயின்ட் அடித்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள். மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத பெயின்ட்) காருக்குப் பாலிஷோ சாதா வாக்ஸோ எப்போதுமே கூடாது, திட்டுத் திட்டாகப் பளபளத்து அசிங்கமாகிவிடும்.

சென்னை, வேளச்சேரி, வெள்ளை ஹேட்ச்பேக்

துணிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மைக்ரோஃபைபரை வீட்டுத் துணியோடு மெஷினில் போடாதீர்கள், பருத்திப் பஞ்சு ஏறிக்கொள்ளும். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் நாரின் மேல் படலம் படிந்து தண்ணீரை உறிஞ்சாது. லிக்விட் டிடர்ஜென்ட் கொஞ்சம், சூடு குறைவு, நிழலில் காயவைப்பது. அயர்ன் கூடவே கூடாது, நார் உருகிக் கடினமாகிவிடும். பாடிக்கு, வீலுக்கு, வாக்ஸ் துடைக்க என்று மூன்று நிறத்தில் வாங்கினால் குழப்பம் வராது. லேபிளை வெட்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். தரையில் விழுந்த துணி துவைக்கும் கூடைக்குப் போகட்டும், உதறிவிட்டு மறுபடி பானெட்டில் வைக்க வேண்டாம்.

கறுப்பு பிளாஸ்டிக்கில் வாக்ஸ் பட்டு வெள்ளையாகியிருந்தால் ஆல்-பர்ப்பஸ் கிளீனர் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் பிளாஸ்டிக்கின் வரிவாக்கில் தேய்த்துக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவி மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் கறுப்பாக இருக்கும், மறுநாள் தெருத் தூசி முழுவதும் அதில்தான் ஒட்டும்.